முடியாதுங்க

கலாமணி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் நான் மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். பேனா மூடி விழுந்துவிட்டது போலக் குனிந்தேன். பேனாவும் சரி மூடியும் சரி சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன, அது எனக்குத் தெரியும், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறைக்குள் ஐம்பத்திரண்டு வயதுக்காரன் குனிந்தால் பொள்ளாச்சி ரோட்டில் போகிற லாரிக்காரன் வரைக்கும் தெரியும் என்பதும் தெரியும், இருந்தாலும் உடம்பு என்னைக் கேட்காமல் குனிந்துகொண்டது. கண்ணாடி அறை வேண்டாம் மைதீன், சுவரே வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பழைய கார் விக்கிற இடம் மாப்ள, எல்லாம் வெளிப்படையா இருக்குதுன்னு ஜனங்களுக்குத் தோணணும் என்று அவன் சொன்னான், நான் பாக்கலாம் என்றேன், நான் பாக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் என்பது பதினெட்டு வருஷமாக என்னோடு கூட்டு வியாபாரம் செய்கிறவனுக்குத் தெரியாதா, மறுநாளே கண்ணாடிக்காரன் வந்து இறங்கிவிட்டான். மேசைக்கு அடியில் போன வருஷத்துக் காலண்டர் ஒன்று சுருட்டியபடி கிடந்தது. அதன் மேல் செத்துப்போன பல்லி. இல்லை, சாகவில்லை, என்னைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. நீயும் யாருக்காவது பதில் சொல்லாமல்தான் இங்கே வந்து படுத்திருக்கிறாயா. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. இப்போது எழுந்தால் கண்ணாடி வழியாக நேராக அவள் முகம் தெரியும். எழவில்லை என்றால் அவள் உள்ளே வந்து குனிந்து பார்ப்பாள். எது கௌரவமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அப்படியே இருந்தேன்.

காலையில் ஆர்டிஓ ஆபீசுக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போதே மைதீன் சொல்லிவிட்டுத்தான் போனான். "இன்னைக்கு அந்த மேக்கப் அம்மா வருவாங்க. நீயே சொல்லி அனுப்பிரு. இந்த மாதிரி கஷ்டமான பைனான்ஸ் பார்ட்டிங்க இனிமே நமக்கு வேண்டாம். நான் வந்து பாக்கறப்போ அந்தம்மா இருக்கக் கூடாது. பெரிய பேச்செல்லாம் வேண்டாம் மாப்ள, ஒரே வார்த்தை. முடியாதுங்க. எங்க, சொல்லு பாக்கலாம்." முடியாதுங்க என்றேன். "என்கிட்டச் சொல்லாதே. அந்தம்மாகிட்டச் சொல்ற மாதிரி சொல்லு." முடியாதுங்க என்றேன் மறுபடி. அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தான். "நீ சொல்றதைக் கேட்டா உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்ற மாதிரி இருக்குது" என்றான். அவன் போன பிறகு சிவப்புக் காரின் சைடு கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று ஏழெட்டுத் தடவை பழகிப் பார்த்தேன். மு என்று உதட்டைக் குவிக்கும்போதே கண்ணாடியில் தெரிகிற ஆள் யாருக்கோ முத்தம் கொடுக்கப் போகிறவன் மாதிரி இருந்தான். பழகுவதை நிறுத்திவிட்டேன்.

மைதீன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தங்கமுத்து என்று ஒருத்தன். அவன் பைலும் இப்படித்தான் ஆட்டம் கண்ட பைல், நான் பாக்கலாம் என்றேன், நவநீதனை, பைனான்ஸ் கம்பெனியிலிருந்து நம் கடைக்கு வருகிற பையன், அவனைக் கெஞ்சி எப்படியோ லோன் போட வைத்தேன். தங்கமுத்து இரண்டு மாதம் கட்டினான். பிறகு கட்டவில்லை. கம்பெனி ஆட்கள் வண்டியைத் தூக்க வந்த அன்றைக்கு அவன் தங்கைக்குக் கல்யாணம். மண்டப வாசலில் வண்டி ரோஜாப் பூவெல்லாம் ஒட்டி நிற்கிறது, பின்சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வந்த இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள். ஒன்றும் பேசாமல் முன்சீட்டில் ஏறி, அவர்களே வண்டியை ஓட்டி, பெண்ணை மாமியார் வீட்டில் இறக்கிவிட்டு, பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டு, பூவோடு வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். மாமியார் வீட்டுக்காரர்கள் அவர்களை டிரைவரும் தாய்மாமனும் என்று நினைத்து வெற்றிலை பாக்குப் பை கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சாயங்காலம் கம்பெனி மேனேஜர் போன் பண்ணும் வரைக்கும். உங்க கடை பைல் இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா லிஸ்ட்ல இருந்து உங்களை எடுத்துருவோம் என்றார். பத்துக்கு ஏழு வண்டி லோனில்தான் போகிறது. லிஸ்டில் இல்லை என்றால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கலாம், வேறு வேலை இருக்காது. மைதீனுக்கு மூன்று பெண்கள். மூத்தது பல் டாக்டருக்குப் படிக்கிறது. அந்தப் பெண்ணின் படிப்பு என் வாயில் இருக்கிறது என்று நினைத்ததும் பல்லெல்லாம் கூசியது.

"ஏனுங்ணா, எதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?"

வந்துவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் அவள் செருப்பும், செருப்புக்குப் பக்கத்தில் அந்தத் தகரப் பெட்டியும் தெரிந்தன. கறுப்புப் பெட்டி, ஓரமெல்லாம் நசுங்கி, மூடியில் மயில் ஸ்டிக்கர் ஒட்டியது. "பேனா மூடிங்க மேடம்" என்றேன் அடியிலிருந்தே. "பையில இருக்குதுங்களே" என்றாள். எழும்போது தலை மேசையில் இடித்தது. உட்காருங்க என்றேன். உட்கார்ந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும், மற்றவர்கள் முகத்துக்கெல்லாம் வர்ணம் பூசுகிறவள், தன் முகத்தில் ஒரு பொட்டுக்கு மேல் எதுவும் வைக்க மாட்டாள். முதல் தடவை வந்தபோதே அதைக் கவனித்தேன். "அண்ணா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் இன்னைக்கு வந்தேன்" என்று ஆரம்பித்தாள். எனக்குக் குப்பென்று வியர்த்தது. லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட அடுத்த கேரன்டர் கிடைத்துவிட்டார் என்று சொல்லப் போகிறாள். கேரன்டர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷமாகச் சொல்லும் ஒருத்தியிடம் எப்படி அந்த வார்த்தையைச் சொல்வது. "டீ சாப்பிடுங்க" என்றேன். "இல்லீங்ணா, இப்பத்தான்..." "பேக்கரி டீ நல்லா இருக்குமுங்க, தேங்காய் பன்னு இப்பத்தான் வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். கிட்டத்தட்ட ஓடினேன். என் சொந்தக் கடையிலிருந்து, என் சொந்தக் காலில்.

பேக்கரியில் கூட்டம் இல்லாதது எரிச்சலாக இருந்தது. கூட்டமாக இருந்தால் பத்து நிமிஷம் நின்றிருக்கலாம். மெதுவாப் போடுப்பா, அவசரமில்லை என்றேன், டீ மாஸ்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார், அந்த பேக்கரியில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. அவள் இதற்கு முன் நாலு தடவை வந்துவிட்டாள். முதல் தடவை வந்தபோதே அந்தச் சாம்பல் கலர் வண்டியைப் பார்த்து, டிக்கியைத் திறந்து, பெட்டியை உள்ளே வைத்து மூடிப் பார்த்தாள். பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போது அவள் முகத்தைப் பார்த்த யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. முகூர்த்தம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கே பெண் வீட்டில் இருக்க வேண்டுமாம். அந்த நேரத்துக்கு ஆட்டோ வராது, வந்தால் இரண்டு மடங்கு கேட்பார்கள், ஒரு தடவை உக்கடம் பக்கத்தில் ஆட்டோ குலுங்கிப் பெட்டி ரோட்டில் விழுந்து பவுடர் டப்பாவெல்லாம் உடைந்து, ஆட்டோக்காரர் முகம் முழுக்க வெள்ளையாகி, அவரைப் பார்த்து நாய் எல்லாம் குரைத்ததாம். தை பிறந்தால் பதினேழு கல்யாணம் கையில் இருக்கிறது, வண்டி இருந்தால் எல்லாம் செய்யலாம், இல்லை என்றால் பாதியை விட வேண்டும் என்றாள். நான் பாக்கலாம் என்றேன். நவநீதனிடம் சொன்னேன். அவன் ஒவ்வொரு விரலாக மடக்கினான். மாதச் சம்பளம் இல்லீங்க சார். சொந்த வீடு இல்லீங்க சார். ஒத்தைப் பொம்பளைங்க சார். அது எதுக்குப்பா என்றேன். கம்பெனி பாலிசிங்க சார் என்றான். கடைசி விரல்தான் பெரிய விரல். புருஷன் அவள் பேரில் லோன் வாங்கிக் காடைப் பண்ணை வைத்து, காடையெல்லாம் சீக்கு வந்து செத்து, ஆள் பாலக்காட்டுப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான். அந்த லோனை இவள்தான் எட்டு வருஷமாக ஒவ்வொரு கல்யாணப் பெண்ணின் முகத்திலிருந்தும் எடுத்துக் கட்டி முடித்திருக்கிறாள். முடித்துவிட்டாள், ஒரு பைசா பாக்கி இல்லை. ஆனால் ஆரம்பத்தில் தாமதமாகக் கட்டியதால், ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று லோன் கம்பெனிகள் பார்க்கிற ஸ்கோர் விழுந்துவிட்டது, விழுந்தது எழவில்லை. கேரன்டர் இருந்தா பாக்கலாம் என்றான் நவநீதன். அவள் இரண்டாம் தடவை வந்தபோது ஒரு வக்கீலைக் கூட்டி வந்தாள். வக்கீல்னா வேண்டாங்க சார், நாளைக்கு நமக்கே நோட்டீஸ் விடுவாங்க என்றான். மூன்றாம் தடவை ஒரு ஏட்டையா. போலீஸ்னா வசூலுக்கு யாருங்க சார் போறது என்றான். நாலாம் தடவை பார்லர் வைத்திருக்கிற ஒரு அம்மா, எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போடும்போது அந்தம்மா எனக்கு அடுத்த மாசம் துபாய் போகணும், அதுக்கு எதாச்சும் தொந்தரவு வருமா என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் போகும்போது நான் பாக்கலாம் என்றேன். மனசு நோகாமல் அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

நவநீதனின் விரல்களில் என்னை வைத்து எண்ணிப் பார்த்தால் என்ன ஆகும் என்று டீயைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். எனக்கும் மாதச் சம்பளம் இல்லை. வருமானம் எந்த மாதம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. இன்சூரன்ஸ் பாலிசி மட்டும் பதினொன்று வைத்திருக்கிறேன், ஏனென்றால் பதினொரு ஏஜென்டுகள் வீடு தேடி வந்தார்கள். வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் மூன்று இருக்கிறது, ஒன்று சமையலறையில், ஒன்று கூடத்தில், மூன்றாவதை என் மனைவி தனலட்சுமி சாமி ரூமில் மாட்டிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு தடவை சலூனில் மீசையை எடுத்துரட்டுங்களாண்ணா என்று கேட்டார்கள். பாக்கலாம் என்றேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் யாரும் என்னை அடையாளம் கண்டுபிடிக்கவில்லை, என் கடைக்கு வந்தவர்கள் சென்னியப்பன் இல்லீங்களா என்று என்னிடமே கேட்டார்கள். இப்படிப்பட்ட ஒருத்தனை நம்பி எந்தக் கம்பெனியாவது ஒரு சைக்கிள் கொடுக்குமா. போன் அடித்தது. மைதீன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டே இருக்கேன்."

"ஒரு வார்த்தையை எப்படி மாப்ள சொல்லிட்டே இருப்பே? எங்க இருக்கே நீ? டம்ளர் சத்தம் கேக்குது."

"கடையிலதான்."

"எந்தக் கடையில?"

சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு டீயும் இரண்டு பன்னும் எடுத்துக்கொண்டு, டீ சிந்தக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக மிக மிக மெதுவாக நடந்து வந்தேன்.

அவள் அறையில் இல்லை. ஒரு நொடி மனசு துள்ளியது, போய்விட்டாள், தானாகவே போய்விட்டாள், கடவுளே. ஆனால் பெட்டி இருந்தது. பெட்டியை விட்டு அவள் போக மாட்டாள். தகரக் கொட்டகைக்கு அடியில் சாம்பல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இடது பின்கதவை ஒரு பெண்ணின் கன்னத்தைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இந்தக் கதவுக்கு டச்சப் பண்ணியிருக்கீங்களா?" என்றாள். டீ சிந்திவிட்டது. "இல்லீங்களே" என்று சொல்ல வந்தேன், பாருங்கள், பொய்யாகச் சொல்ல வேண்டிய இடத்தில் கூட எனக்கு இல்லை வரவில்லை. "கலர் அதேதானுங்க, ஆனா வெயில் பட்டா ஒரு ஷேடு தள்ளி நிக்குது. கழுத்துக்கும் முகத்துக்கும் வேற வேற பவுடர் போட்ட மாதிரி" என்றாள். பதினெட்டு வருஷத்தில் எவனும் கண்டுபிடித்ததில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வருகிறவன், டாக்டரைக் கூட்டி வருகிறவன், ஜோசியரைக் கூட்டி வருகிறவன், எல்லோரும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வண்டி தங்கம் மாதிரி இருக்குதுங்க என்று போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். நம் தொழிலைச் செய்கிற இன்னொரு ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. இவளும் பள்ளத்தை மூடுகிறவள், நானும் பள்ளத்தை மூடுகிறவன். மூடியதைக் கண்டுபிடித்துவிட்டாள், நல்லது, இதைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிடலாம், ஆமாங்க மேடம், கதவு சரியில்லை, இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த வார்த்தையைச் சொல்லாமலே தப்பிக்கலாம். வாயைத் திறந்தேன். "சரி அதை விடுங்ணா, நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். "ஏசி போட்டுக் காட்டறேன் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவளும் வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் போய் ஏறினாள்.

ஏசி நன்றாக வேலை செய்தது. அதைத் தவிர அங்கே எதுவும் வேலை செய்யவில்லை. நடுவில் கியர் கம்பி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், ஆளுக்கொரு டம்ளர், ஆளுக்கொரு பன். டாஷ்போர்டில் கடிகாரம் பதினொன்று ஐம்பது என்றது, அது ஏழு நிமிஷம் வேகமாக ஓடுகிற கடிகாரம், ஆனாலும் நேரம் போகிறது என்பது உண்மை. மைதீன் வந்துகொண்டிருப்பான். இப்போது சொல்லிவிடு. மூச்சை இழு. மு. பிறகு டி. "இந்த ஏசி பாருங்க, ரெண்டுல வெச்சாலே போதும், மூணுல வெச்சா காது வலிக்கும்" என்றேன். அவள் தலையாட்டினாள். "ஸ்பீக்கர் நாலு பக்கமும் இருக்குது" என்றேன். தலையாட்டினாள். "சீட்டைப் பின்னால தள்ளிக்கலாம், முன்னால தள்ளிக்கலாம்" என்று சொல்லி அவள் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைக் காட்டினேன், எந்தக் காரிலும் இருக்கிற கம்பி, அதை ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. ஒருத்தியை வேண்டாம் என்று அனுப்ப வேண்டிய நேரத்தில் அவளுக்கு வண்டியை விற்றுக்கொண்டிருக்கிறேன். சன்ரூப் இல்லாததற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

"அண்ணா" என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

இருந்தேன்.

"இந்த வண்டி எனக்கு வேண்டாமுங்க. போன்லயே சொல்லியிருக்கலாம். நாலு தடவை டீ வாங்கிக் குடுத்த மனுஷன்கிட்டப் போன்ல சொன்னா நல்லா இருக்காதுன்னு நேர்ல வந்தேன். கிணத்துக்கடவுல சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் இருக்குது, போற வழிதானேன்னு இறங்கினேன்."

அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு டீயைக் குடித்தாள். காலையிலிருந்து நான் எந்த வார்த்தையை மேசைக்கு அடியிலும் பேக்கரியிலும் சுமந்து அலைகிறேனோ, அதை அவள் பையிலிருந்து கர்ச்சீப் எடுப்பது போல எடுத்து வைத்துவிட்டாள். எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? நிம்மதி. மைதீன் சொன்னது தானாகவே நடந்துவிட்டது, பைல் இல்லை, பயம் இல்லை, பல் டாக்டர் படிப்பு பத்திரம். ஆனால் எனக்கு ரோஷம் வந்தது. என்னை எப்படி இவள் வேண்டாம் என்று சொல்லலாம். நானல்லவா சொல்ல வேண்டும்.

"ஏனுங்க? கதவு விஷயமா?" என்றேன்.

"கதவெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லீங்ணா. நான் பாக்காத டச்சப்பா? நாலு தடவை வந்தேன். முடியும்னும் நீங்க சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நீங்க பாக்கலாம்னதை நான் நம்பி ரெண்டு கல்யாணத்துக்கு ஆட்டோக்காரரை வேண்டாம்னு சொல்லிட்டேன், கார் வந்துரும்னு. அந்த ரெண்டும் கைவிட்டுப் போச்சுங்க. ஒரு பொண்ணு வீட்டுல அட்வான்சைத் திருப்பிக் கேட்டாங்க. முதல் நாளே முடியாது போம்மான்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற வழி பாத்திருப்பேன். உங்க மேல கோவம் இல்லீங்ணா. நீங்க நல்லவர்தான். ஆனா உங்ககிட்ட வந்தா நஷ்டம்."

ஏசி காற்று நேராக நெற்றியில் அடித்தது. நல்லவர்தான், ஆனா நஷ்டம். இதை என் கடைப் பலகையில் எழுதி மாட்டலாம். மனசு நோகக் கூடாது என்று நான் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருத்தர் எங்கேயோ பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்களா. ஒவ்வொரு தடவையும் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்ட சாப்பாடு நினைவுக்கு வந்தது. மனசு நோகாமல் இருந்தது யார் மனசு. தங்கமுத்துவின் தங்கை பூ ஒட்டிய வண்டியில் போன அன்றைக்கு முன்சீட்டில் யார் என்று பிறகு தெரிந்தபோது அந்தப் பெண் என்ன செய்திருக்கும் என்று இதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, அவர்கள் பாலும் பழமும் சாப்பிட்டதோடு அந்தக் கதை எனக்குச் சிரிப்பாகவே முடிந்துவிட்டிருந்தது. அவள் டம்ளரை டாஷ்போர்டில் வைத்துவிட்டுக் கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள்.

"அந்தக் கதவை நான்தான் இடிச்சேன் அம்மிணி" என்றேன். மேடம் எங்கேயோ போய்விட்டிருந்தது. "நம்ம கேட்டுலயே. ரிவர்ஸ் எடுக்கறப்போ. மைதீனுக்கே தெரியாது. ராத்திரியோட ராத்திரியா பெயின்டரைக் கூட்டிட்டு வந்து அடிச்சேன். ஆறாயிரம் ஆச்சு." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கப் போனாள். அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. "கேரன்டர் கையெழுத்து நான் போடறேன்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை.

அவள் கையை எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பெயின்ட் அடித்த கதவைப் பார்த்த அதே பார்வை. "இல்லீங்ணா. இது நீங்க போடறது இல்லை. வேண்டாம்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்றீங்க. நாளைக்கு உங்க வீட்டுல சண்டை, பார்ட்னர்கிட்டச் சண்டை. எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் காடைப் பண்ணை வெச்சுக் குடுத்திருக்காரு, போதும்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு சரின்னு சொன்னாத்தானுங்க அது சரி. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே. எங்க, ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"எதுக்கு?"

"சும்மா. கேக்கறேன், சொல்லுங்க. அந்தக் கதவு அடிபட்டதுக்கு வெலையில பத்தாயிரம் குறைச்சுக்குங்க."

பத்தாயிரமா. ஒரு கதவுக்கா. ஆறாயிரம் கொடுத்து அடித்திருக்கிறேன், அதுவும் நல்ல பெயின்ட், ஒரு ஷேடுதான் தள்ளி நிற்கிறது, அதுவும் வெயிலில் மட்டும், இந்த வண்டியில் நமக்கு லாபமாக நிற்பதே பதினைந்தாயிரம், அதில் மைதீனுக்குப் பாதி, பத்தாயிரம் குறைத்தால் ஏசி காற்றைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், என்ன கேள்வி இது.

"முடியாதுங்க" என்றேன்.

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் காதில் அந்தச் சொல் சுற்றிக்கொண்டே இருந்தது, தெளிவாக, கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, யாரோ ஒரு பெரிய மனிதரின் குரல் மாதிரி. முத்தம் கொடுப்பது போல இல்லவே இல்லை. "இன்னொரு தடவை கேளுங்க" என்றேன். "அஞ்சாயிரம்?" என்றாள். "முடியாதுங்க." "ஸ்பீக்கரை மாத்திக் குடுங்க." "அதெல்லாம் முடியாதுங்க." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இதை முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் வீட்டில் ஒரே ஒரு தண்ணீர் மெஷின்தான் இருந்திருக்கும். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "சரி, இப்பக் கேக்கறேன்" என்று முகத்தை நேராக்கிக்கொண்டாள். "கேரன்டர் கையெழுத்துப் போடறீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தேன். செத்துப்போன காடைகளுக்கு எட்டு வருஷம் தவணை கட்டியவள். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட நேரில் வருகிறவள். ஒரு ஷேடு தள்ளி நிற்பதைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு ஒரு தவணைத் தேதி தப்பிவிடுமா. நவநீதனின் எந்த விரலிலும் இதற்கு இடமில்லை. அவள் கட்டவில்லை என்றால் கட்டப்போவது நான், மைதீன் இல்லை, கடை இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த பயம் மேசைக்கு அடியில் இருந்த பயம் இல்லை, இதில் முழங்கால் பூட்டிக்கொள்ளவில்லை.

"போடறேன்" என்றேன்.

நவநீதனுக்கு போன் பண்ணினேன். "ஒரு மணிக்குள்ள கேரன்டர் போட்டோவும் ஆதாரும் அனுப்பிருங்க சார், இன்னைக்கே ஏத்திடறேன். பேரு என்னங்க?" "சென்னியப்பன்." "உங்க பேர்லயே இன்னொருத்தருங்களா சார்?" "நான்தாம்ப்பா." அந்தப் பக்கம் அவன் ஏதோ ஒரு விரலை மடக்குவதா நிமிர்த்துவதா என்று யோசிப்பது எனக்குக் கேட்டது. "சார், மைதீன் சாருக்குத் தெரியுமுங்களா?" "தெரியாது. நான் சொல்லிக்கறேன்." "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." "முடியாதுப்பா" என்றேன். பழக்கமாகிவிட்டது.

கண்ணாடி அறைச் சுவரோரம் நின்று நானே என்னைப் போட்டோ எடுத்து அவளிடம் காட்டினேன். பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை, மூக்கில் டியூப்லைட் எரிகிற மாதிரி ஒரு பளபளப்பு, ஒரு பக்க மீசையில் தேங்காய்ப் பூ. "இந்த மூஞ்சிக்கு நானே லோன் குடுக்க மாட்டேனுங்க" என்றாள். பெட்டியைத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், சின்னச் சின்ன டப்பாக்கள், கல்யாண வீட்டு வாசனை. ஒரு ஸ்டூலை இழுத்துக் கொட்டகை வெளிச்சத்தில் போட்டு உட்காரச் சொன்னாள். எனக்கு எதுக்குங்க என்றேன். "முடியாதுன்னா சொல்லுங்க" என்றாள். உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினாள். நெற்றியை ஏதோ குளிர்ச்சியானதில் துடைத்தாள், பிறகு ஸ்பாஞ்சால் ஒத்தினாள், என் கல்யாணத்தன்றைக்குக்கூட யாரும் எனக்கு இப்படிச் செய்ததில்லை. "கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன். மிருதுவான பிரஷ் ஒன்று வலது கன்னத்தில் மேலிருந்து கீழே வந்தது. தூக்கம் வருவது போல இருந்தது. மனசில் ஒன்றுமே ஓடவில்லை, காலையிலிருந்து முதல் தடவையாக.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டி ஜல்லியில் கரகரவென்று ஏறி வந்து கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. அந்த இன்ஜின் சத்தம் எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். இன்ஜின் அணைந்தது. ஹெல்மெட் கழற்றுகிற சத்தம் வர வேண்டும், வரவில்லை.

"மாப்ள" என்றது குரல், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

நான் திரும்பப் போனேன். கலாமணி இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்து நேராக நிறுத்தினாள்.

"ஆடாம இருங்ணா, இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்குது" என்றாள்.